நனையாத தொற்காளும் எங்க சபை வரலாறும்

எங்க சபையோட வரலாற மூணு பக்கத்துக்கு மிகாம எழுதி அனுப்பணும்னு மேலிடத்துலேருந்து கடிதாசு வந்தப்ப, என் வீட்டுக்காரர் பாஸ்டர் சைலஸ், கண்ணாடிய நெத்திக்கு ஏத்திவிட்டுக்கிட்டு, "பெபேயா, நான் சொல்லச் சொல்ல நீ எழுது"ன்னாரு. நானும் மீன் கழுவிக்கிட்டிருந்தத அப்படியே போட்டுட்டு கையத் தொடச்சுக்கிட்டு வந்து உக்காந்தேன். 'பின்மாரி அக்கினி சபையை செயின்ட் அப்பொலின் தீவிலே நிறுவியவர் பாஸ்டர் சைலஸ்' அப்படின்னு முதல் வரி வந்துச்சு பாருங்க, எனக்கு உள்ளங்கால்லேருந்து உச்சந்தலை வரைக்கும் பத்திக்கிட்டு வந்துச்சு. "நிறுவினது எங்க அக்கா"ன்னேன். "உங்கக்கா சபையில அங்கத்தினரே கிடையாது பெபேயா, அங்கத்தினர் இல்லாதவங்க பேரு வரலாத்துல வரக்கூடாது, விதி அப்படி"ன்னாரு. விதியாம் விதி! பேனாவ மேசையில வச்சுட்டு மீனுக்கே திரும்பிப் போயிட்டேன். அந்த மூணு பக்கத்த அவரே எழுதி அனுப்பிக்கிட்டாரு. அதுல வராதத நான் சொல்றேன்.

கரீபியன் கடல்ல இருக்கிற எங்க தீவு, மேப்புல பார்த்தா ஈ உக்காந்துட்டுப் போன இடம் மாதிரி இருக்கும். கரும்பு வெட்டறதுக்குன்னு காரைக்கால்லேருந்து கப்பலேத்தி விட்ட ஜனங்களோட பேரப்பிள்ளைங்க நாங்க, எங்களோட சேந்து வெட்டினவங்க ஆப்பிரிக்கா வழி வந்தவங்க, வெட்டி வெட்டி அவங்க பாட்டு எங்க வாய்லயும் எங்க தமிழ் அவங்க வாய்லயும் ஒட்டிக்கிச்சு. அந்தத் தீவுக்கு ஒரு நாள் அமெரிக்காவுலேருந்து ஒரு வெள்ளைக்கார சிஸ்டர் அக்கார்டியனும் கூடாரமுமா வந்து இறங்கி, பதினோரு நாள் பிரசங்கம் பண்ணி, பன்னெண்டாம் நாள் காய்ச்சல்ல விழுந்து, அடுத்த கப்பல்லயே போயிட்டாங்க. போகும்போது அக்கார்டியன எடுத்துக்கிட்டு கூடாரத்த மட்டும் சர்க்கரை ஆலையில வேலை பார்த்த எங்கக்கா தொற்காள் கையில குடுத்து, "பாத்துக்கோ"ன்னாங்க. அவ பாத்துக்கிட்டா. வேற என்ன செஞ்சா அவ வாழ்நாள் பூரா?

முதல் கூட்டத்துக்கு மூணே பேரு. அக்கா, பதினாறு வயசு நான், அப்புறம் கூடாரத்து மேல கல்லெறிய வந்துட்டு மழை பிடிச்சதால உள்ள ஒதுங்கின சைலஸ். நிறுவினவர் லட்சணம் அது! அக்கா ஆலையில பத்து மணி நேரம் கொதிக்கிற பாகுகிட்ட நின்னுட்டு, அதுக்கப்புறம் வீடு வீடாப் போயி, சீக்காளிக்குக் கஞ்சி வச்சுக் குடுத்து, குடிகாரனுங்க வாந்திய அள்ளிப் போட்டு, சண்டைக்காரிங்க ரெண்டு பேரையும் ஒரே பாயில உக்கார வச்சு ஜெபம் பண்ணி, ரெண்டு வருஷத்துல அம்பத்து மூணு பேரச் சேத்துட்டா. அம்பத்து மூணு பேரு சேந்தாச்சுன்னு எழுதினதும்தான் மேலிடத்துக்கு எங்க தீவு ஞாபகம் வந்துச்சு. மேலிடத்துப் பிரசிடெண்ட் ஐயா படகேறி வந்தாரு, எல்லாருக்கும் ஞானஸ்நானம் குடுக்க.

எங்க சபையில குழந்தை தலையில தண்ணி தெளிக்கிற வேலையெல்லாம் கிடையாது. விவரம் தெரிஞ்ச வயசுல தானா வந்து, கடல்லயோ ஆத்துலயோ முழுசா முங்கி எழணும். முங்காதவங்களுக்குத் திருவிருந்துல பங்கு இல்ல. மாசாமாசம் முதல் ஞாயித்துக்கிழமை மேசைமேல அப்பத்தையும் ரசத்தையும் வச்சதும், முங்காதவங்க எழுந்து வெளிய போகணும், கதவ சாத்திடுவாங்க. அதனால அக்காவுக்கு ஒரே அவசரம். அம்பத்து மூணு பேருக்கும் முன்னால முதல் ஆளா கடல்ல இறங்கினா. பிரசிடெண்ட் ஐயா அவளச் சாய்ச்சு, தலை முடி வரைக்கும் உள்ள அமுக்கி, தூக்கி நிறுத்தினாரு. எழுந்தவ, அப்பதான் பெட்டியிலேருந்து எடுத்துக் கட்டின மாதிரி மொடமொடன்னு நின்னா. வெள்ளை அங்கியில இஸ்திரி மடிப்புக் கலையல, தலையில வச்ச தேங்காயெண்ணெய் அப்படியே மினுங்குச்சு, இமையில ஒரு சொட்டு இல்ல. கரையில நின்ன ஜனம் அல்லேலூயான்னு ஆரம்பிச்சு பாதியிலயே நிறுத்திடுச்சு. அவங்கள்ல பிரதர் கத்பர்ட் மட்டும், துணிக்குச் சாயம் ஏறலைன்னு சொல்ற மாதிரி, "இன்னொரு வாட்டி முக்குங்கய்யா, சரியாப் பிடிக்கல"ன்னாரு.

ஏழு வாட்டி முக்கினாரு. ஏழு வாட்டியும் காஞ்ச விறகாத்தான் எழுந்தா. அதுக்கு முந்தின நாள் வரைக்கும் மழையில நனைஞ்சவதான், தினமும் தண்ணியில குளிச்சவதான். அன்னையிலேருந்து மழை, ஆறு, கடல், கிணத்துத் தண்ணி எல்லாம் சொல்லி வச்ச மாதிரி அவள விட்டு விலகிப் போயிடுச்சு. ஏன்னு கேக்காதீங்க, எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் இப்படிப் புலம்பறேன்? அவளுக்குப் பின்னால இறங்கின சைலஸ் சொட்டச் சொட்ட எழுந்தாரு. நனைஞ்ச ஆம்பளைங்கள்ல வாசிக்கத் தெரிஞ்சது அவர் ஒருத்தர்தான், அதனால அவரையே பாஸ்டராக்கிட்டு பிரசிடெண்ட் ஐயா படகேறிட்டாரு. அக்காவப் பத்தி என்ன செய்யறதுன்னு கேட்டதுக்கு, "தொடர்ந்து முயற்சி பண்ணுங்க"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனாரு. அடுத்த வருஷம் சைலஸ் என்னைக் கட்டிக்கிட்டாரு.

ஜனங்க இருக்காங்களே, அவங்களுக்கு எதுவும் ரெண்டு வாரத்துக்கு மேல அதிசயம் கிடையாது. மூணாவது வாரமே மழை நாள்ல தீப்பெட்டி கொண்டு போக அக்காவக் கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. அவ மட்டுமில்ல, அவ கையில அணைச்சுப் பிடிச்சதும் நனையாது. பிள்ளை பெத்த வீட்டுலேருந்து பச்சைக்குழந்தைய மழையில தூக்கிட்டு வர அக்கா, கல்யாண கேக்க படகுல ஏத்தி அக்கரைக்குக் கொண்டு போக அக்கா, நிலப் பத்திரம் எடுத்துக்கிட்டு கோர்ட்டுக்குப் போக அக்கா. குளிக்கிறதுக்குப் பதிலா எலுமிச்சை இலையக் கசக்கித் தேச்சு உலர்ந்த துணியால துடைச்சுக்குவா, அவ பக்கத்துல உக்காந்தா எலுமிச்சைத் தோட்டத்துல உக்காந்த மாதிரி இருக்கும். ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துட்டு, தோல் வறட்சின்னு எழுதி ஒரு டப்பா களிம்பு குடுத்தாரு. படிச்ச மனுஷன்!

எல்லாத்துக்கும் அவ வேணும், அப்பத்துக்கு மட்டும் வேணாம். திருவிருந்துக்கு அப்பம் சுடறது பாஸ்டர் சம்சாரத்தோட வேலை. திராட்சை விளையாத தீவுல புளிச்சைப் பூவ ஊற வச்சு ரசம் எடுக்கிறதும் என் வேலை. கோதுமைமாவு மூட்டைய மழையில நனையாம கடையிலேருந்து தூக்கிட்டு வந்து குடுக்கிறது யாருன்னு நினைக்கிறீங்க? அவ தூக்கிட்டு வந்த மாவுல நான் சுட்ட அப்பத்த எல்லாரும் தின்பாங்க, அவ சாத்தின கதவுக்கு வெளிய ஜன்னலோரமா நின்னு பாடிக்கிட்டிருப்பா. உள்ள இருக்கிற அத்தனை குரலும் சேந்தாலும் அவ குரலுக்கு ஈடாகாது. ஒரு தடவை சபைக் கமிட்டி கூடி, வெளிய நிக்கிறவங்க திருவிருந்துப் பாட்டுல கலந்துக்கலாமான்னு ரெண்டு மணி நேரம் பேசினாங்க. கலந்துக்கலாம், ஆனா மெதுவான்னு தீர்மானம் போட்டாங்க. அந்தத் தீர்மானத்த எழுதினது என் கைதான், இன்னைக்கும் அத நினைச்சா கைய வெட்டிப் போடலாம்போல இருக்கு.

வருஷத்துக்கு ஒரு தரம் ஞானஸ்நான ஆராதனை, வருஷத்துக்கு ஒரு தரம் அக்காவ முக்குறது. என் வீட்டுக்காரர் கடல்ல முக்கினாரு, ஆத்துல முக்கினாரு, அருவிக்கு அடியில நிறுத்தினாரு, ரம் ஆலைத் தொட்டிய வாடகைக்கு எடுத்தும் முக்கினாரு. பாவம் அவருக்கும் தோள்பட்டை ஒரு பக்கம் இறங்கிப் போச்சு. ஒவ்வொரு தரமும் முக்குறதுக்கு முன்னால கேப்பாரு: "சிஸ்டர் தொற்காள், அறிக்கை பண்ணாத பாவம் ஏதாவது உள்ள இருக்கா?" வீட்டுல மதினின்னு கூப்பிடறவரு, தண்ணியில நின்னா சிஸ்டர்ம்பாரு. முதல் வருஷம் அக்கா, சின்ன வயசுல முதலாளி தோட்டத்துல ரெண்டு மாம்பழம் திருடினதச் சொன்னா. அடுத்த வருஷம் அம்மாகிட்ட பொய் சொன்னத. அப்புறம் பொறாமை, கோபம், ஜெபத்துல தூங்கினது. பன்னெண்டாவது வருஷம் அவகிட்ட இருந்த பாவமெல்லாம் தீந்து போச்சு.

பாவம் இல்லாத மனுஷி என்ன பண்ணுவா? கடன் வாங்கினா. நிஜமாத்தான் சொல்றேன். வீட்டு வாசல்ல போய் நின்னு, "உங்கிட்ட ஏதாவது சொல்லாத பாவம் இருந்தா குடேன், நான் அறிக்கை பண்ணிப் பாக்குறேன்"ன்னு கேட்டா. என் பாவத்த நானே தேடித்தேடி முடிச்சுட்டேன், ஒருவேளை ஊர் பாவம் ஏதோ எம்மேல ஒட்டிக்கிட்டிருக்கும்னு அவளுக்கு ஒரு நினைப்பு. முதல்ல தயங்கினவங்க, அப்புறம் வரிசையில நின்னு குடுத்தாங்க. பிரதர் கத்பர்ட், எடை போடற தராசுல அவர் செஞ்ச தில்லுமுல்லக் குடுத்துட்டு அன்னைக்கு ராத்திரி அசந்து தூங்கினாராம். இவ எல்லாத்தையும் மாருல போட்டுக்கிட்டு, கடல்ல நின்னு, அம்பது பேரு காதுல விழற மாதிரி "நான் தராசுல ஏமாத்தினேன்"ன்னு சொல்லுவா. சொல்லிட்டு முங்குவா. காஞ்சுபோய் எழுவா. யாரோ ஒருத்தி, சிஸ்டர் ஹார்ட்டென்ஸ் புருஷனோட தான் பழகின பாவத்தக் குடுத்தா, அதையும் இவ தன்னோடதுன்னு சொல்லிட்டா. ஹார்ட்டென்ஸ் ஆறு வருஷம் அக்கா முகத்துல முழிக்கல. "அக்கா, நீ அந்த ஆளோட பேசினது கூடக் கிடையாதேடி!"ன்னு நான் கத்தினேன். "குடுத்தவ நிம்மதியாத் தூங்குறா பெபே, திரும்ப எடுத்துக்கோன்னு எப்படிச் சொல்ல?"ன்னா. இப்படி ஒரு கூறுகெட்டவள நான் பாத்ததில்ல.

அக்காவச் சேத்துக்கச் சொல்லி மேலிடத்துக்கு நான் பதினேழு கடிதாசு எழுதினேன், ஒண்ணுக்கும் பதிலில்ல. பதினெட்டாவதுக்குப் பதில் வந்துச்சு. ஏழாவது விதிப்படி ஞானஸ்நானம்ங்கிறது தண்ணி உடம்பு முழுக்கத் தொடறது, உடம்பு தண்ணிக்குள்ள போறது அல்லன்னு எழுதியிருந்தாங்க. அந்த ஒத்தக் காகிதத்தால சபை ரெண்டாச்சு. முங்கினாலே போதும்னு சொன்ன பதினோரு குடும்பம், பெஞ்சு நாலத் தூக்கிக்கிட்டு மலைமேல போய் தனிச் சபை போட்டுக்கிட்டாங்க. அவங்க சபை வரலாறு இன்னொரு மூணு பக்கம், அத அவங்க எழுதிக்கட்டும். போன கையோட அக்காவக் கூப்பிட்டாங்க, "வாங்க சிஸ்டர், உங்களுக்காகத்தான பிரிஞ்சோம், முதல் அப்பம் உங்களுக்குத்தான்"னாங்க. அக்கா போகல. "அது கோவிச்சுக்கிட்டுப் போய் போட்ட பந்தி, அதுல எனக்கு இறங்காது, நான் சேத்த ஜனம் உக்காந்திருக்கிற மேசையிலதான் எனக்கு வேணும்"னா. பெரிய புயல் அடிச்ச வருஷம் ஆறு கரை உடைச்சப்ப, கழுத்தளவு தண்ணியில இறங்கி, சபைப் பதிவுப் புஸ்தகத்த மாரோட அணைச்சுக்கிட்டு அக்கரைக்குக் கொண்டு வந்து சேத்ததும் அவதான். அதுல ஒரு எழுத்துக் கலையல. அவ பேரு மட்டும்தான் அதுல இல்ல.

இப்படியே நாப்பத்தொரு வருஷம், முதல் நாள் ஏழையும் ஒண்ணாக் கணக்கு வச்சா நாப்பத்தொரு முக்கு. போன ஆவணி மாசம் அக்காவுக்கு இருமல் வந்து நிக்கவே இல்ல. டாக்டர், நுரையீரல்ல நீர் கோத்திருக்கு, கிறிஸ்மஸ் தாண்டினா பெரிய விஷயம்னு சொல்லிட்டாரு. வெளிய ஒரு சொட்டு ஒட்டாதவளுக்கு உள்ள போய் நீர் கோத்துக்கிச்சாம், இந்த அநியாயத்த யார்கிட்டப் போய்ச் சொல்றது? ஆஸ்பத்திரியிலேருந்து திரும்பி வர்ற வழியில என் தோள்ல சாஞ்சுக்கிட்டு, "ஒரே ஒரு தரம் அந்த மேசையில உக்காந்து சாப்பிட்டுட்டுப் போயிடணும்டி பெபே, வேற ஒண்ணும் வேணாம்"னா. நாப்பத்தொரு வருஷத்துல எங்கிட்ட அவ கேட்ட ஒரே விஷயம் அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். தலையில கை வச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. "எனக்கு மட்டும் ஆசை இல்லையா பெபேயா? எத்தனை தரம் அந்த உடம்பத் தண்ணிக்குள்ள பிடிச்சிருக்கேன். ஒருத்தருக்கு விட்டுக்குடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. ஏற்கெனவே ஒரு தரம் உடைஞ்ச சபை இது"ன்னாரு. "அப்ப நான் ரகசியமா ஒரு துண்டு எடுத்துட்டுப் போய்க் குடுக்குறேன்"ன்னேன். அவர் கண்ணாடியக் கழட்டித் துடைக்க ஆரம்பிச்சுட்டாரு. கொண்டும் போனேன். அக்கா அந்தத் துண்டப் பார்த்துட்டு, "திருடினதாடி? மாம்பழத்தோட விட்டுட்டேனே அந்தப் பழக்கத்த"ன்னு சிரிச்சுட்டு, திருப்பிக் குடுத்துட்டா.

சபையோட ஆண்டு விழா ஞாயித்துக்கிழமை வந்துச்சு. இப்ப இருக்கிற பிரசிடெண்ட் ஐயா, பழையவரோட மருமகன், கோட்டு சூட்டோட விமானத்துல வந்து இறங்கினாரு. சபை நிறைஞ்சு வழிஞ்சுது. மூணு பக்க வரலாற என் வீட்டுக்காரரே வாசிச்சாரு, எல்லாரும் கை தட்டினாங்க. அப்புறம் மேசைமேல வெள்ளைத் துணி விரிச்சு, என் அப்பத்தையும் ரசத்தையும் கொண்டு வந்து வச்சாங்க. "ஞானஸ்நானம் பெறாதவர்கள் தயவுசெய்து..."ன்னு அவர் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாலயே அக்கா பெஞ்சப் பிடிச்சுக்கிட்டு எழுந்தா. நாலு அடிக்கு ஒரு தரம் நின்னு இருமிக்கிட்டுப் போனா. கத்பர்ட் அண்ணன் கதவச் சாத்தினாரு. வெளியிலேருந்து பாட்டு வரல, இருமல்தான் வந்துச்சு.

எனக்கு அதுக்கு மேல பொறுக்கல. எழுந்து நின்னேன். எல்லாரும் பாஸ்டரம்மா ஏதோ சாட்சி சொல்லப் போறாங்கன்னு நினைச்சாங்க. நான் நேராப் போய் பதிவுப் புஸ்தகத்த எடுத்து மேசைமேல வச்சு, "என் பேர அடிங்க"ன்னேன்.

"என்ன சிஸ்டர் இது?"ன்னாரு பிரசிடெண்ட் ஐயா.

"நானா விரும்பிக் கேட்டா பேர அடிக்கணும், மூணாவது விதி. அடிங்க."

என் வீட்டுக்காரர் முகம் வெளிறிப் போச்சு. "பெபேயா, வீட்டுல பேசிக்கலாம், உக்காரு"ன்னாரு.

"வீட்டுலதான் நாப்பது வருஷமாப் பேசறேன்"னுட்டு, நானே பேனாவ எடுத்து என் பேர அடிச்சேன். அடிச்சுட்டு, கதவத் திறந்துக்கிட்டு வெளிய போய், ஜன்னலோரமா அக்கா பக்கத்துல நின்னுக்கிட்டேன். "உனக்கென்னடி பைத்தியம் பிடிச்சிருக்கா, உள்ள போ"ன்னு அக்கா என் கைய நுள்ளினா. நுள்ளட்டும்.

உள்ள என் வீட்டுக்காரர் அப்பத்தக் கையில எடுத்தாரு, எடுத்த கை அப்படியே நின்னுச்சு. ஏன்னா எங்க சபையில இருபத்திரெண்டாவது விதின்னு ஒண்ணு இருக்கு. சம்சாரம் பேரு பதிவுல இல்லாத பாஸ்டர் அப்பம் பிட்கக் கூடாது. மேலிடத்து ஐயாக்களே எழுதின விதிதான். பிரசிடெண்ட் ஐயாவாவது பிட்கலாம்னு பார்த்தா, உள்ளூர் பாஸ்டர் இருக்கிற இடத்துல வெளியூர்க்காரர் பிட்கக் கூடாதுன்னு இருபத்தி மூணாவது விதி. பிரசிடெண்ட் ஐயா அந்த நாலணா விதிப் புஸ்தகத்த முன்னாலேருந்து பின்னாலயும் பின்னாலேருந்து முன்னாலயும் புரட்டினாரு. ஹார்ட்டென்ஸோட பேரக்குழந்தை, "எப்ப தருவாங்க?"ன்னு கேட்டது வெளிய வரைக்கும் கேட்டுச்சு. கடைசியில அந்த மனுஷன் ஜன்னல் வழியாத் தலைய நீட்டி, "சிஸ்டர் பெபேயாள், உங்க பேர மறுபடி எழுதிடறோம், வாங்க"ன்னாரு.

"எழுதுங்க. எங்கக்கா பேருக்குக் கீழ எழுதுங்க"ன்னேன்.

"அது முடியாதும்மா. ஏழாவது விதி..."

"அப்ப எல்லாரும் பசியோட வீட்டுக்குப் போங்க."

வேற யாரோ எழுந்திரிக்கிற சத்தம் கேட்டுச்சு. ஹார்ட்டென்ஸ். "ஐயா, ஒரு பாவமும் பண்ணாதவ மேல ஆறு வருஷம் முகத்தத் திருப்பிக்கிட்டவ நான். நான் உள்ள, அவ வெளியவா? என் பேரையும் அடிங்க"ன்னா. கத்பர்ட் அண்ணன், "தராசுல ஏமாத்தினது நான்தான்யா, தொற்காள் இல்ல"ன்னு கதவுகிட்டயே நின்னு அழ ஆரம்பிச்சுட்டாரு. அப்புறம் ஒவ்வொருத்தரா, குடுத்த பாவத்தத் திரும்ப வாங்கிக்க எழுந்தாங்க பாருங்க, பிரசிடெண்ட் ஐயா காதப் பொத்திக்கிட்டாரு.

அப்பத்தான் என் வீட்டுக்காரர் அப்பத்தக் கீழ வச்சாரு. பேனாவ எடுத்தாரு. கண்ணாடிய இறக்கி மாட்டிக்கிட்டு, பக்கத்தத் திருப்பி, யாரையும் பார்க்காம, மேல இருந்த காலி இடத்துல தொற்காள்னு எழுதினாரு. ஞானஸ்நானம் பெற்ற தேதின்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல கொஞ்ச நேரம் பேனாவ வச்சுக்கிட்டு யோசிச்சு, 'நாற்பத்தொரு தரம்'னு எழுதினாரு. அதுக்குக் கீழ என் பேரு. பிரசிடெண்ட் ஐயா, "பாஸ்டர், இத நான் மேலிடத்துல சொல்ல வேண்டியிருக்கும்"னாரு. "சொல்லுங்கய்யா, பதில் வர எத்தனை வருஷம் ஆகும்னு எனக்குத் தெரியும்"னாரு இவரு. கட்டிக்கிட்ட நாள்லேருந்து அந்த மனுஷன் மேல எனக்கு இப்படி ஒரு பிரியம் வந்ததில்ல. ஏன்யா இத முப்பது வருஷத்துக்கு முன்னாலயே செஞ்சு தொலைக்கலைன்னு அடிக்கவும் தோணுச்சு.

அவரே வெளிய வந்தாரு. "வாங்க மதினி"ன்னாரு. சபையில வச்சு அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுக்கிட்டு வந்து முதல் பெஞ்சுல, மேசைக்கு நேரா உக்கார வச்சோம். அவ அந்த வெள்ளைத் துணியத் தடவிப் பார்த்தா. அவர் அப்பத்தப் பிட்டு அவ உள்ளங்கையில வச்சாரு. அவ கண்ண மூடி, வாயில போட்டு, மெதுவா மென்னா. இருநூறு பேரும் அவ வாயையே பார்த்துக்கிட்டிருந்தோம், பரிசுத்த ஆவி இறங்கி அந்நிய பாஷை வரப்போகுதோ, உடம்பெல்லாம் நனையப் போகுதோன்னு.

அவ என் பக்கமாச் சாஞ்சா. "உப்பே போடலையாடி?"ன்னு காதுல கேட்டா.

மாசாமாசம் நாப்பது வருஷம் சுட்டிருக்கேன், எவ்வளவு பேரு தின்னுருக்காங்க, ஒருத்தரும் இதச் சொன்னதில்ல. எனக்குக் கண்ணுலேருந்து தாரதாரையா வந்துச்சு, கோவமும் வந்துச்சு. "பேசாமத் தின்னுக்கா"ன்னேன்.